காலையில் மட்டும் திணறும் கார்: காரணத்தைக் கண்டறிய ஒரு முழுமையான வழிகாட்டி

விடியற்காலையில் சாவியைத் திருப்புகிறீர்கள். வண்டி ஸ்டார்ட் ஆகிவிடுகிறது; ஆனால் ஓட்டம் சீராக இல்லை. ஸ்டீயரிங் நடுங்குகிறது. சைலன்சரிலிருந்து வரும் சத்தம் நடுநடுவே அறுபடுகிறது. கிளட்சை விட்டால் அணைந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓடியதும் எல்லாம் சரியாகிவிடுகிறது. பத்து மணிக்கு ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் நிறுத்தினால், மெக்கானிக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "நன்றாகத்தானே ஓடுகிறது சார்?" என்கிறார். அவர் சொல்வது பொய்யில்லை. அந்த நேரத்தில் வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது.

குன்னூரில் குடியிருந்தபோது ஒரு குளிர்காலம் முழுவதும் இந்தத் தொல்லையை அனுபவித்தேன். ஸ்பார்க் பிளக் மாற்றினோம், என்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்தோம், கடைசியில் பெட்ரோல் பம்பையே மாற்றினோம். பணம் போனதுதான் மிச்சம். உண்மையான காரணம் விரல் நீளம்கூட இல்லாத ஒரு சென்சார். அதைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதுமானதாக இருந்தது. ஆனால் என்ஜின் இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த ஒரு காலையில், சாவியைத் திருப்புவதற்கு முந்தைய ஐந்து நிமிடமாக அது இருக்க வேண்டியிருந்தது. குளிரில் வரும் கோளாறைக் குளிரில்தான் பிடிக்க முடியும். கீழே வரும் ஒவ்வொரு படியும் இதை அடிப்படையாகக் கொண்டதுதான்.

இங்கே முக்கியமாகப் பேசுவது இன்ஜெக்டர் உள்ள பெட்ரோல் கார்களைப் பற்றி. சிஎன்ஜி, டீசல் வண்டிகளுக்கான குறிப்புகள் பின்னால் வருகின்றன.

குளிரில் மட்டும் ஏன்?

காய்ந்த தோசைக்கல்லில் தெளித்த தண்ணீர் சுர்ரென்று மறைந்துவிடும். அடுப்பேற்றாத கல்லில் தெளித்தால் அப்படியே தேங்கி நிற்கும். என்ஜினுக்குள் பெட்ரோலுக்கு நடப்பதும் இதுதான். பெட்ரோல் ஆவியானால்தான் எரியும். சூடான என்ஜினில் இன்ஜெக்டர் தெளிக்கும் பெட்ரோல் உடனே ஆவியாகிவிடுகிறது. குளிர்ந்த என்ஜினில் அதில் ஒரு பகுதி, காற்று நுழையும் பாதையின் சுவரிலும் வால்வின் முதுகிலும் ஒட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. சிலிண்டருக்குப் போய்ச் சேரும் கலவை மெலிந்துபோகிறது.

இதை ஈடுகட்டக் கூடுதலாகப் பெட்ரோல் தர வேண்டும். அம்பாசிடர், பிரீமியர் பத்மினி காலத்தில் டேஷ்போர்டில் இருந்த சோக் குமிழை இழுத்து ஓட்டுநரே அதைச் செய்தார். இன்று என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியு அதைச் செய்கிறது. எவ்வளவு கூட்ட வேண்டும் என்பதை, என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்டின் வெப்பத்தை அளக்கும் சென்சாரைக் கேட்டு முடிவு செய்கிறது.

இன்னொரு செய்தியையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். புகைப்பாதையில் உள்ள ஆக்சிஜன் சென்சார் ஏறத்தாழ 300 டிகிரிக்குச் சூடான பிறகுதான் வேலை செய்யத் தொடங்கும். அதுவரை கலவை சரியா தவறா என்று இசியுவுக்குத் தெரியாது. மனப்பாடக் கணக்கில்தான் ஓட்டுகிறது. எங்கோ ஒரு ரப்பர் குழாயில் விரிசல் இருந்து காற்று கள்ளத்தனமாக உள்ளே போனாலும் அதைத் திருத்த வழியில்லை. ஆக்சிஜன் சென்சார் விழித்துக்கொண்டதும் இசியு பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ நிலைமையைச் சமாளித்துவிடுகிறது. வண்டி சூடானதும் "தானாகச் சரியாகிவிட்டது" என்று நாம் நினைப்பது பெரும்பாலும் இதைத்தான். கோளாறு அங்கேயே இருக்கிறது. அதன்மேல் ஒரு போர்வை விழுந்திருக்கிறது.

இப்போது பம்புகளில் கிடைக்கும் இ20 பெட்ரோலும் இதில் பங்கு வகிக்கிறது. சாதாரணப் பெட்ரோல் ஒரு பங்கு எரிய 14.7 பங்கு காற்று வேண்டும் என்றால், 20 சதவீதம் எத்தனால் கலந்ததற்கு ஏறத்தாழ 13.5 பங்கு போதும். அதாவது அதே காற்றுக்கு எரிபொருள் கொஞ்சம் அதிகமாகத் தேவை. எத்தனால் ஆவியாக வெப்பமும் கூடுதலாக வேண்டும். இ20-க்கு ஏற்றபடி வடிவமைக்கப்படாத பழைய வண்டியில் ஏற்கெனவே சிறு குறை இருந்தால், குளிர்ந்த காலையில் அது இன்னும் பளிச்சென்று தெரியும்.

வேண்டிய கருவிகள்

இசியு பதிவு செய்யும் எண்களைக் கைப்பேசிக்கு அனுப்பும் புளூடூத் ஓபிடி அடாப்டர் ஒன்று, அதற்கான கைப்பேசிச் செயலி, மல்டிமீட்டர், டார்ச், பிளக் ஸ்பேனர், தண்ணீர் தெளிக்கும் பாட்டில், ஒரு நோட்டுப் புத்தகம். அடாப்டரைச் செருகும் 16 முனைச் சாக்கெட் ஓட்டுநரின் முழங்காலுக்கு மேலே, டேஷ்போர்டின் அடியில் இருக்கும். இந்தியாவில் ஓபிடி இரண்டாம் கட்டம் 2013 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பிறகு வந்த கார்களில் தயங்காமல் செருகலாம்.

நோட்டுப் புத்தகத்தைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். மூன்று காலைகளில் எழுதிவைத்த எண்கள், அனுமானத்தில் மாற்றும் மூன்று உதிரிபாகங்களைவிடப் பயன் தரும்.

முதல் படி: முந்தைய இரவு

வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். என்ஜின் நன்றாக ஆறிய பிறகு கூலண்ட் தொட்டியில் மட்டம் எங்கே நிற்கிறது என்று ஒரு சிறு டேப் ஒட்டி அடையாளம் செய்யுங்கள். ஆயில் அளவையும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். குறைந்தது எட்டு மணி நேரம் வண்டியை யாரும் ஸ்டார்ட் செய்யக் கூடாது. அடுக்குமாடிக் குடியிருப்பில் காவலாளியிடம் சாவி இருந்தால் அவரிடமும் சொல்லிவையுங்கள். வழிவிடுவதற்காக அவர் ஒரு நிமிடம் ஸ்டார்ட் செய்து நகர்த்தினாலும் மறுநாள் சோதனை வீண்.

இரண்டாம் படி: ஸ்டார்ட் செய்வதற்கு முன்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். என் வண்டியின் கோளாறு பிடிபட்டது இங்கேதான்.

அடாப்டரைச் செருகி, என்ஜினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பி, செயலியில் இரண்டு எண்களைப் பாருங்கள்: கூலண்ட் வெப்பம், உள்ளிழுக்கும் காற்றின் வெப்பம். இரவெல்லாம் நின்ற வண்டியில் இரும்பும் நீரும் காற்றும் ஒரே வெப்பத்துக்கு வந்திருக்க வேண்டும். மூன்று நான்கு டிகிரி முன்பின் இருக்கலாம். அதற்கு மேல் இருந்தால் இரண்டில் ஒரு சென்சார் பொய் சொல்கிறது.

அந்த டிசம்பர் காலையில் கண்ணாடியில் பனித்துளிகள் இன்னும் வழிந்துகொண்டிருந்தன. காற்றின் வெப்பம் 9 டிகிரி என்று காட்டியது. கூலண்ட் 46 டிகிரி என்றது. பானெட்டைத் திறந்து என்ஜின்மேல் கை வைத்தேன். உலோகம் ஐஸ் போலச் சில்லிட்டது. அப்போதுதான் புரிந்தது. என்ஜின் ஏற்கெனவே பாதி சூடாகிவிட்டது என்று நம்பி, இசியு கூடுதல் பெட்ரோலைத் தராமல் பட்டினி போட்டிருக்கிறது. 46 டிகிரி என்பது நடக்கக்கூடிய அளவுதான் என்பதால் செக் என்ஜின் விளக்கும் எரியவில்லை. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் போட்டுப் பார்த்தபோது வண்டி சூடாக இருந்தது. 90-ஐ ஒட்டிக் காட்டிய எண் அங்கே யாருக்கும் சந்தேகம் தரவில்லை.

சென்சாரை உறுதி செய்ய அதன் கனெக்டரைக் கழற்றி, மல்டிமீட்டரில் மின்தடையை அளக்க வேண்டும். பெரும்பாலான கார்களில் 20 டிகிரியில் 2,000 முதல் 3,000 ஓம் வரையும், 80 டிகிரியில் 300 ஓம் அளவிலும் இருக்கும். குளிரக் குளிர மின்தடை ஏறும். 9 டிகிரியில் என் சென்சார் 3,500 ஓமுக்கு மேல் காட்டியிருக்க வேண்டும், 900-தான் காட்டியது. கனெக்டரில் பச்சைப் பாசி போல அரிப்பு இருந்தால் இதற்கு நேர்மாறு: மின்தடை கூடி, என்ஜின் உள்ளதைவிடக் குளிர்ந்திருப்பதாக இசியு நினைக்கும், பெட்ரோல் அளவுக்கு மீறிப் பாய்ந்து கரும்புகை வரும். இணைப்பு முழுவதும் அறுந்திருந்தால் செயலியில் பூஜ்ஜியத்துக்குக் கீழே 40 டிகிரி என்று காட்டும்.

பேட்டரியையும் இப்போதே அளந்துவிடுங்கள். ஓய்வில் 12.4 வோல்ட்டுக்குக் குறைவாகவோ, செல்ஃப் சுற்றும்போது 9.6-க்குக் கீழேயோ போனால் முதலில் பேட்டரியைக் கவனியுங்கள். சோர்ந்த பேட்டரியோடு மற்றச் சோதனைகளை நம்ப முடியாது.

மூன்றாம் படி: முதல் இரண்டு நிமிடம்

கைப்பேசியை டேஷ்போர்டின் முன் நிறுத்தி, என்ஜின் சுற்று காட்டும் மானியைப் படம்பிடியுங்கள். வீட்டில் ஒருவரைச் சைலன்சர் பக்கம் நிறுத்திப் புகையைப் படம்பிடிக்கச் சொல்லுங்கள். மூடிய ஷெட்டுக்குள் இதைச் செய்ய வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். நல்ல நிலையில் உள்ள என்ஜின் 1,100 முதல் 1,500 சுற்றில் தொடங்கி, சூடாகச் சூடாக 700 முதல் 850-க்கு இறங்கி நிற்கும்.

திணறல் எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்பதில்தான் விடை ஒளிந்திருக்கிறது.

செல்ஃப் நீண்ட நேரம் சுற்றி, முதல் சில வினாடி மட்டும் தடுமாறினால், இரவில் பெட்ரோல் குழாயின் அழுத்தம் இறங்கிவிடுகிறது என்று சந்தேகிக்கலாம். மறுநாள் ஒரு வேலை செய்யுங்கள். சாவியைத் திருப்பி இரண்டு வினாடி பம்பின் ரீங்காரம் கேட்டதும் அணையுங்கள். இப்படி மூன்று முறை செய்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். உடனே சுத்தமாக எடுத்தால் சந்தேகம் வலுக்கிறது. பம்பில் உள்ள ஒருவழி வால்வோ, சொட்டும் இன்ஜெக்டரோ காரணமாக இருக்கலாம். இன்ஜெக்டர் சொட்டினால் முதல் புகை கறுப்பாக வரும், பெட்ரோல் வாடை தூக்கலாக இருக்கும்.

முதல் அரை நிமிடம் ஒரே ஒரு சிலிண்டர் விட்டு விட்டு அடித்து, வெண்புகை கிளம்பி, அதில் ஒருவிதத் தித்திப்பு வாசனை இருந்தால், நேற்று ஒட்டிய டேப்பைப் பாருங்கள். கூலண்ட் மட்டம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே வந்தால் என்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கெட் வழியாக இரவில் கூலண்ட் சிலிண்டருக்குள் கசிகிறது என்று பொருள். இதைத் தள்ளிப்போடாதீர்கள், கேஸ்கெட்டோடு முடிய வேண்டிய செலவு என்ஜின் ஹெட்டுக்கே பரவிவிடும். மலைப்பகுதிகளில் குளிர்ந்த காலையில் எல்லா வண்டியிலும் மெல்லிய வெண்ணீராவி வரும். அது சில நிமிடங்களில் மறைந்துவிடும், வாசனையும் இருக்காது. அதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. முதல் புகை நீலமாக இருந்தால் வால்வு சீல்களின் வழியாக ஆயில் இறங்குகிறது.

சுற்று 500, 600-க்கு இறங்கி அணையப் பார்த்தால் த்ராட்டில் பாடியில் கரி படிந்திருக்கலாம். மேலும் கீழும் ஊசலாடினால் காற்றுக் கசிவு. நிற்கும்போது நன்றாக இருந்து, நகர்த்தும்போது மட்டும் இழுவை இல்லாமல் விக்கினால் வால்வின் முதுகில் கரி ஏறியிருக்கலாம்; அந்தக் கரி பஞ்சு போலப் பெட்ரோலை உறிஞ்சிக்கொள்கிறது. மானியின் முள் அசையாமல் நிற்க, வண்டி மட்டும் குலுங்கினால் என்ஜின் நன்றாகவே ஓடுகிறது. என்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட் கெட்டிருக்கிறது. இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல் பிளக்கும், அதற்கு மின்சாரம் தரும் காயிலும் மாற்றியவர்கள் ஏராளம்.

நான்காம் படி: இசியு எழுதிவைத்திருப்பது

செக் என்ஜின் விளக்கு எரியாவிட்டாலும் செயலியில் பிழைக் குறியீடுகளைப் பாருங்கள். விளக்கு எரியும் அளவுக்கு முற்றாத பிழைகள் நிலுவையில் இருக்கலாம். பி0301 முதல் பி0304 வரை என்றால் கடைசி எண்ணுள்ள சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது கலவை சரியாக எரியவில்லை. பி0300 என்றால் பல சிலிண்டர்களில். பி0171 மெலிந்த கலவை, பி0172 செறிந்த கலவை. பி0128 வந்தால், கூலண்டின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கி, என்ஜின் சூடாக அதிக நேரம் எடுக்கிறது. திணறும் நேரமும் அதனால் நீள்கிறது.

குறியீட்டை அழிப்பதற்கு முன், அது பதிவான கணத்தின் விவரங்களைச் செயலியில் திறந்து படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் கூலண்ட் எத்தனை டிகிரியில் இருந்தது என்று அதில் இருக்கும். "காலையில் மட்டும்தான் வருகிறது" என்று நீங்கள் சொல்வதற்கு அதுவே எழுத்துப்பூர்வமான சான்று.

அடுத்து, இசியு பெட்ரோலை எவ்வளவு திருத்துகிறது என்று காட்டும் நீண்டகாலத் திருத்த அளவு. இதை வண்டி சூடான பிறகு பாருங்கள். போர்வையைத் தூக்கிப் பார்க்க இதுவே வழி. கூட்டல் கழித்தல் 5 சதவீதத்துக்குள் இருந்தால் நலம். நின்ற ஓட்டத்தில் கூட்டல் 10-ஐத் தாண்டி, 2,500 சுற்றில் வைத்தால் இறங்கிவிட்டால் அது காற்றுக் கசிவு. சுற்றைக் கூட்டினாலும் இறங்காமல் நின்றால் பெட்ரோல் போதவில்லை, அல்லது காற்றை அளக்கும் சென்சார் அழுக்காகியிருக்கிறது. கழித்தல் 10-ஐத் தாண்டினால் எங்கிருந்தோ பெட்ரோல் கூடுதலாக வருகிறது.

ஐந்தாம் படி: கையால் தேடுவது

காற்றுக் கசிவைத் தேட, குளிர்ந்த என்ஜினை ஓடவிட்டு, காற்றுப் பாதையின் இணைப்புகளிலும் ரப்பர் குழாய்களிலும் தண்ணீரை மெல்லத் தெளியுங்கள். கசியும் இடத்தை நீர் அடைத்த கணத்தில் ஓட்டம் மாறும். பிரேக் பூஸ்டருக்குப் போகும் குழாய், என்ஜின் ஆவியைத் திருப்பி அனுப்பும் குழாயின் முழங்கை வளைவு, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் மேனிஃபோல்டின் கேஸ்கெட் ஆகிய மூன்றையும் விடாமல் பாருங்கள். ரப்பர் குளிரில் சுருங்கி விரிசல் காட்டும், சூட்டில் மூடிக்கொள்ளும். சிலர் கார்புரேட்டர் கிளீனர் தெளித்துத் தேடுவார்கள்; சூடான புகைக்குழாய்மேல் பட்டால் தீப்பிடிக்கும், வேண்டவே வேண்டாம். துப்பட்டா, வேட்டி நுனி, நீண்ட தலைமுடி எதுவும் பெல்ட்டுக்கும் ஃபேனுக்கும் அருகே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு சிலிண்டர் மட்டும் மிஸ் ஆகிறது என்றால் என்ஜினை அணைத்துவிட்டு, அதன் காயிலை அடுத்த சிலிண்டருக்கு மாற்றிப் பொருத்துங்கள். மறுநாள் காலையில் குறியீடும் இடம் மாறினால் குற்றவாளி காயில். மாறாவிட்டால் பிளக்கை மாற்றிப் பாருங்கள், பிறகு இன்ஜெக்டர். செலவே இல்லாத சோதனை இது; பொறுமை மட்டும் வேண்டும்.

பிளக்கைக் கழற்றும்போது அதன் குழியில் ஆயில் தேங்கியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். முனை வெளிர்பழுப்பாக இருந்தால் நல்லது. கரி பூசியிருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு, ஈரமாக இருந்தால் அந்தச் சிலிண்டரில் பொறி விழவில்லை. வெள்ளைப் பீங்கானில் முடி போன்ற கறுப்புக் கோடு ஓடினால் மின்சாரம் அந்த வழியாகத் தப்பிப் போயிருக்கிறது.

த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்யும்போது அதற்குரிய கிளீனரைத் துணியில் நனைத்துத் துடையுங்கள். மின்மோட்டார் இயக்கும் த்ராட்டில் என்றால், சாவி திருப்பியிருக்கும்போது அதன் தகட்டை விரலால் தள்ளக் கூடாது. சுத்தம் செய்த பிறகு சுற்று ஏறியிருப்பது போலத் தோன்றும். பல கார்களில் ஸ்கேனர் மூலம் புதிய நிலையைக் கற்றுக்கொள்ளச் செய்ய வேண்டும்.

சிஎன்ஜி வண்டி வைத்திருப்பவர்களுக்கு

பல சிஎன்ஜி கார்கள் பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி, கொஞ்சம் சூடான பிறகு கேஸுக்கு மாறும். ஆகவே திணறல் நின்ற நேரமும் கேஸுக்கு மாறிய நேரமும் ஒன்றா என்று முதலில் பாருங்கள். ஒன்றாக இருந்தால் குளிரின்மீது பழி போட வேண்டாம். கோளாறு பெட்ரோல் பக்கம் இருக்கிறது. நாளுக்கு ஒரு நிமிடம் மட்டும் வேலை செய்யும் இன்ஜெக்டர்களில் பிசின் படிந்துவிடுகிறது, தொட்டியில் மாதக்கணக்கில் கிடக்கும் பெட்ரோலும் கெட்டுப்போகிறது. சோதிப்பது எளிது: சூடான வண்டியைப் பெட்ரோலுக்கு மாற்றி ஓட்டிப் பாருங்கள். அப்போதும் திணறினால் விடை கிடைத்துவிட்டது. இனி வாரம் ஒருமுறையாவது பெட்ரோலில் சில கிலோமீட்டர் ஓட்டுங்கள்.

கேஸில் நெடுநாள் ஓடிய என்ஜினில் வால்வு உட்காரும் இடம் தேய்ந்து, வால்வு இடைவெளி குறைந்துவிடுவதும் உண்டு. அலுமினிய ஹெட் உள்ள பல என்ஜின்களில் குளிரில் இந்த இடைவெளி இன்னும் சிறுக்கும். வால்வு முழுதாக மூடாமல், சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தமான கம்ப்ரஷன் கசியும். இதை இடைவெளி அளந்தும் கம்ப்ரஷன் பார்த்தும்தான் உறுதி செய்ய வேண்டும். அதையும் குளிர்ந்த என்ஜினில் பார்க்கச் சொல்லுங்கள்.

டீசலில் பொறி கிடையாது. காலையில் வெண்புகையும் தடதடப்பும் வந்து ஒரு நிமிடத்தில் தெளிந்தால் முதலில், சிலிண்டரைச் சூடாக்கித் தரும் க்ளோ பிளக்குகளைப் பாருங்கள். நல்ல க்ளோ பிளக்கின் மின்தடை ஒரு ஓம் அளவில்தான் இருக்கும். மல்டிமீட்டர் முடிவிலி காட்டினால் அது செத்துவிட்டது. நான்கில் ஒன்று போனாலே அந்தச் சிலிண்டர் காலையில் முரண்டு பிடிக்கும்.

மெக்கானிக்கிடம் ஒப்படைக்கும் விதம்

காலையில் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். முந்தைய மாலையே விட்டுவிட்டு வாருங்கள். சாவியோடு ஒரு சீட்டும் கொடுங்கள்: "நாளைக் காலை நீங்கள் பார்க்கும் வரை யாரும் ஸ்டார்ட் செய்ய வேண்டாம்." வீடியோவையும் நோட்டுப் புத்தகத்தையும் காட்டுங்கள். நல்ல மெக்கானிக் இதைத் தலையீடாக நினைக்க மாட்டார். பாதி வேலை முடிந்தது என்று மகிழ்வார்.

செக் என்ஜின் விளக்கு விட்டு விட்டு மின்னினால் மட்டும் வண்டியை நகர்த்தவே வேண்டாம். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, அதை உருக்கிவிடும். சாதாரணத் திணறலாக இருந்தாலும், குளிர்ந்த என்ஜினை நின்ற இடத்தில் ரேஸ் செய்து சமாளிக்காதீர்கள். கெட்டியான ஆயில் மேலே ஏறுவதற்குள் பாகங்கள் உரசித் தேயும்.

எந்தப் பாகத்தை மாற்றினாலும் ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மூன்று குளிர்ந்த காலைகள் தொடர்ந்து பாருங்கள். நான் சென்சாரை மாற்றிய மறுநாள் காற்று 10 டிகிரி, கூலண்ட் 11 டிகிரி. என்ஜின் 1,350 சுற்றில் எடுத்து, நடுக்கமில்லாமல் மெல்ல இறங்கி 780-இல் நின்றது. இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் அதே கணக்கு. நான்காம் நாள் அடாப்டரைக் கழற்றி டேஷ்போர்டுப் பெட்டியில் வைத்தேன்.